நாலு நிமிடம்

வாளியைக் குழாய்க்கு நேராக வைத்துவிட்டு எஸ்றா கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வீடு பார்க்கப் போன இடமெல்லாம் அவர் இப்படித்தான் செய்தார். அறை எத்தனை என்று கேட்க மாட்டார். முதலில் ஒரு வாளி. அது நிறைய எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. தூத்துக்குடியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அதுவும் காலையில் ஒன்றரை மணி நேரம். புதுத் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்த ஏழு மாதத்தில் அந்த ஊரைப் பற்றி அவர் முதலில் தெரிந்துகொண்டது அதைத்தான்.

அவர் மனைவி ஜீவமணி சற்றுத் தள்ளி, படிக்கட்டின் அடியில் நின்றிருந்தாள். கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே இருந்த வீடு அது. கீழே வீட்டுக்காரி இசபெல்லா தனியாக இருந்தாள். கப்பலில் போன கணவர் இறந்து பல வருடமாகிறது. மாடிதான் வாடகைக்கு. உப்புக் காற்றில் சுவரின் சுண்ணாம்பு கையளவு கையளவாகப் பெயர்ந்திருந்தது. எங்கிருந்தோ கருவாட்டு வாடை வந்துகொண்டிருந்தது.

இது அவள் பார்க்கும் பத்தாவது வீடு. ஒரு வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் இல்லை என்றாள். ஒரு வீட்டில் தெரு ரொம்பக் குறுகல். போன மாதம் மில்லர்புரத்தில் பார்த்தது அவளுக்குப் பிடித்திருந்தது. நாசரேத், சாத்தான்குளம் ஆட்கள் நாலைந்து குடும்பம் அங்கே வந்திருந்தார்கள். ஆனால் வாளி நிறையப் பதினோரு நிமிடம் ஆனது, எஸ்றா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு அவளும் அதை வற்புறுத்தவில்லை. நாசரேத்தில் தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் விட்டு வரவே தனக்கு மனமில்லை என்பதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. ஏழு மாதமாக லாட்ஜில் ஓர் அறையில் இருந்துகொண்டு, ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு விசாரித்தார்.

"நாலு நிமிசம்" என்றார் எஸ்றா.

"தண்ணி கீழ வருது. நாம மேல இருக்கணும்" என்றாள் ஜீவமணி. "இருவத்திரண்டு படி. யாரு தூக்குவா?"

"நான் தூக்குதேன்."

"நீங்க ஆறரைக்கே போயிருவிய. தண்ணி எட்டு மணிக்கு வருது."

எஸ்றா சிரித்தார். "ஏளா மணி, டீச்சர்மாருக்குத் தப்புக் கண்டுபிடிக்க யாரும் சொல்லிக் குடுக்கவே வேண்டாம். இதுல என்ன இருக்கு, பாரு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

வாசலில் நின்ற இசபெல்லா, "குடிவாரதுக்கு முந்தியே எங்க தண்ணியக் கொண்டு போறியரே தம்பி" என்றாள்.

அவர் ஒரே மூச்சில் ஏறினார். மேல்படியில் வாளி தரையைத் தொடும் சத்தம் கேட்டது.

"கனமே இல்லளா" என்ற குரல் வந்தது.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மாடியைச் சுற்றிப் பார்க்கிறார் என்று நினைத்து ஜீவமணி சமையலறை எந்தப் பக்கம் என்று இசபெல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். குசினிக்கு மேற்கே ஜன்னல் இருக்கிறது, புகை தங்காது என்றாள் இசபெல்லா. பேசிக்கொண்டே இருவரும் ஏறியபோது எஸ்றா மேல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. பக்கத்தில் வாளி, ஒரு சொட்டும் சிந்தாமல், விளிம்புவரை தண்ணீரோடு நின்றது.

டாக்டர் வந்து பார்த்தபோது மணி ஒன்பது. எஸ்றாவின் இமைகளை மூடிவிட்டார். எதிர்வீட்டு ரோச் நாசரேத்துக்குத் தந்தி கொடுக்கப் போனார். தெருவின் ஆண்கள் நாலு பேர் எஸ்றாவைக் கீழே தூக்கி வந்து இசபெல்லாவின் நடுவீட்டில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் உடலை வீட்டுக்குள் வைக்கிறோமே என்று இசபெல்லா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அலமாரியிலிருந்து புது விரிப்பு எடுத்தாள். தலைமாட்டில் தங்கள் கத்தோலிக்க வழக்கப்படி ஒரு மெழுகுவத்தியை நட்டு வைத்த பிறகுதான் தயங்கினாள்.

"உங்க வேதத்துல இது வப்பாகளா டீச்சர்? வேண்டாம்னா எடுத்துருதேன்."

"இருக்கட்டும்க்கா" என்றாள் ஜீவமணி.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். குழாய் நின்றுபோயிருந்தது. இசபெல்லா தொட்டியைத் திறக்கப் போனாள். ஜீவமணி எழுந்து மாடிக்குப் போய் அந்த வாளியைத் தூக்கினாள். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, படிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, இருபத்திரண்டு படியும் இறங்கி வந்தாள். வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் கொடுக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு எஸ்றாவின் அண்ணன் தேவதாசன் வேன் அமர்த்திக்கொண்டு வந்தார். கூடவே எஸ்றாவின் பத்து வயது மகள் கிருபை, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்குப் போட்டிருந்த பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். மகளுக்கு உடுப்பு மாற்றக்கூட ஊரில் யாருக்கும் தோன்றவில்லை போலும். தேவதாசன் தம்பியின் காலடியில் நெடுநேரம் நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கத் தொடங்கினார். வேன் வாசலிலேயே நின்றது.

டவுன் சபையின் போதகர் வேதமணி ஐயர் ஜெபிக்க வந்தபோதுதான் ஒரு காகிதத்தின் பேச்சு வந்தது. ஜீவமணியே எஸ்றாவின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாசரேத் சபை கொடுத்த மாற்றுச் சீட்டு அது. டிசம்பரிலேயே வாங்கிவிட்டார். மூவரின் பெயரையும் அங்கே பதிவேட்டிலிருந்து எடுத்தாயிற்று. இங்கே எந்தச் சேகரத்தில், அதாவது எந்தச் சபை வட்டாரத்தில், கொடுப்பது என்பது வீடு எந்தப் பக்கம் அமைகிறது என்பதைப் பொறுத்தது. மில்லர்புரம் ஒரு சேகரம், டவுன் வேறொரு சேகரம். வீடு முடிவாகட்டும் என்று நாலு மாதமாகப் பையிலேயே வைத்திருந்தார். மடித்த இடத்தில் காகிதம் நைந்திருந்தது.

ஐயர் படித்துவிட்டு மெல்ல மடித்தார். "அப்போ தம்பி எந்தச் சபையிலயும் இல்லாம இருந்திருக்காப்ல" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

"அது கெடக்கட்டும் ஐயரே" என்றார் தேவதாசன். "பேர எடுத்தா எடுத்துட்டுப் போறாவ. அப்பா கல்லறைக்குப் பக்கத்துலயே இடம் கெடக்கு. நான் நம்ம ஊரு ஐயர்ட்டப் பேசிட்டுத்தான் வாரேன்." பிறகு ஜீவமணியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "நீயும் பிள்ளையும் வண்டியில ஏறுங்கம்மா. வேலையும் அங்கனதான இருக்கு. இனிமே இந்த ஊருல நமக்கு என்ன?"

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் இங்கே வந்து சேரும்படி அவளுக்கு வந்திருந்த மாற்றல் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி ஒரு கடிதம் எழுதினால் போதும். அதே வகுப்பு, அதே வீடு. இந்த ஏழு மாதமும் அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அது இப்போது வாசலில் கதவு திறந்து நின்றது.

கிருபை பெஞ்சின் ஓரத்தில் நின்று அப்பாவின் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் ஜீவமணியின் கையில் இருந்தது. காலையில் வாளியைத் தூக்கும் முன் அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஐயரே, இந்தச் சீட்ட நீங்க வாங்கிக்கிடுவியளா?" என்று ஜீவமணி கேட்டாள்.

ஐயர் தேவதாசனைப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார். "வாங்கலாம்மா. வாங்கிட்டா நம்ம கல்லறைத் தோட்டத்துலயே அடக்கம் பண்ணலாம். எழுதுததுக்கு வீட்டு விலாசம் வேணும். எங்க இருக்கிய?"

ஜீவமணி இசபெல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். இசபெல்லா ஜெபமாலையை விரல்களில் நிறுத்தினாள்.

"இந்த வீட்டு மாடியில" என்றாள் ஜீவமணி.

தேவதாசன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மெழுகுவத்தியைப் பார்த்து, அடக்கிக்கொண்டார். இசபெல்லாதான் எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு பேனா கொண்டுவந்து ஐயரிடம் கொடுத்தாள். கதவு எண்ணையும் அவளே சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து மூன்று மணிக்கு டவுன் சபையின் கல்லறைத் தோட்டத்தில் எஸ்றாவை அடக்கம் செய்தார்கள். நாசரேத்திலிருந்து வந்தவர்களும் துறைமுகத்து ஆட்களும் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மதில் ஓரமாக இசபெல்லாவும் அந்தத் தெருப் பெண்களும் முக்காடு போட்டு நின்றார்கள். மண் உப்பு பூத்து வெளுத்திருந்தது. தேவதாசன் முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு, குனிந்து அதைக் கையால் சமப்படுத்தினார்.

ஜூன் முதல் வாரம் சாமான்கள் வந்தன. கூடவே வந்த தேவதாசன் கட்டிலைத் தானே மாடியில் பூட்டிக் கொடுத்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். படி இறங்கும்போது, "தண்ணிக்கு என்னம்மா செய்வ?" என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் தண்ணீர் வரும் நாள். எட்டு மணிக்குக் குழாய் முதலில் காற்றை இருமியது, பிறகு தண்ணீர் விழுந்தது. ஜீவமணி அதே வாளியை நேராக வைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கிருபை ஒரு சின்னக் குடத்தோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா பாக்க?"

தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் ஜீவமணி முள்ளைப் பார்த்தாள்.

நாலு நிமிடம்.