ஆந்தைமலைக்கு எதிராகப் பேசியவள்

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால், கும்மிடிப்பூண்டி சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் யாரும் உடனே தூக்கைத் திறக்க மாட்டார்கள். விக்டோரியா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, காலையில் ஸ்டேஷன் கடையில் வாங்கிய வாரப் பத்திரிகையைப் பிரிப்பாள். அதற்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். அவளுடைய குரல் கொஞ்சம் கட்டைக்குரல்தான். ஆனால் ஆந்தை ராஜா பேசும் இடம் வந்தால் அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது.

அவள் படித்தது 'ஆந்தைமலை' என்ற மாயாஜாலத் தொடர். எழுபதாம் வருஷம் தொடங்கி, ஒவ்வொரு பாகமாகப் பத்திரிகையில் வந்து, பிறகு தடித்தடியான புத்தகங்களாகவும் வந்தது. வளவன் என்ற இளவரசன், ஆந்தை ராஜாவின் ஆயிரம் கதவுள்ள மலைக்கோட்டையில் சிறைப்பட்ட மகிழினியை மீட்கப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் ஊர், ஓர் ஆபத்து, ஓர் அதிசயம். ஐந்தாவது பாகம் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், கம்பெனியில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

பேசினார்கள் என்றால் சும்மா பேசவில்லை, சண்டை போட்டார்கள். கொதிகலன் பிரிவில் இருந்த குப்புராஜ் ஆந்தைமலைக்குத் தலைமை ரசிகன். தன் மகளுக்கே மகிழினி என்று பேர் வைத்தவன். ஸ்டோர்ஸில் கணக்கு எழுதும் ராஜவேலுவுக்கோ அந்தத் தொடரைக் கண்டால் ஆகாது.

"வாரா வாரம் ஒருத்தன கதவாண்ட நிக்க வச்சிட்டு 'தொடரும்'னு போட்டுட்றான். இத்தப் போயி ஊரே தூக்கி வச்சிக்கினு ஆடுதே" என்பான் ராஜவேலு.

"உனுக்கு ரசன இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். கதைய ஏன் கொற சொல்ற" என்பான் குப்புராஜ்.

இப்படி ஆரம்பித்து, சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதிய பிறகும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். பேக்கிங் சூப்பர்வைசர் பாக்கியநாதன் சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொங்கல் விழாவுக்கு மனமகிழ் மன்றம் சார்பில் ஒரு பட்டிமன்றம் போட்டுவிடலாம் என்றார். தலைப்பு: 'ஆந்தைமலை தன் புகழுக்குத் தகுந்ததா, இல்லையா?' நடுவர் அவரே. "அன்னிக்கி எல்லாத்தையும் பேசித் தீத்துடுங்க. அப்பறம் என் ஷெட்டுல இந்தப் பேச்சு இருக்கக்கூடாது."

தகுந்தது என்று பேச ஆள் குவிந்தார்கள். குப்புராஜ் தலைவன். விக்டோரியாவை அவனே கேட்டு மூன்றாவது பேச்சாளராகச் சேர்த்துக்கொண்டான். இல்லை என்று பேச ராஜவேலுவும், அவனோடு ஸ்டோர்ஸில் இருக்கும் ஆதிகேசவனும் மட்டும்தான் தேறினார்கள்.

விக்டோரியா ஒரு வாரமாக வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசிப் பார்த்தாள். அவளுடைய புருஷன் மோசஸ் இரும்பு உருட்டாலையில் ஃபிட்டர். எழுத்துக் கூட்டிப் படிப்பான், கதைப் புத்தகம் தொட்டதில்லை. அவளுடைய பேச்சை மட்டும் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடி முழுசாகக் கேட்டான்.

"நல்லாத்தான் கீது. ஆனா ரெண்டாம் பாகம்னு வரும்போது மட்டும் ஏன் கொரலு எறங்குது?" என்றான்.

"எறங்கலயே" என்றாள்.

இறங்கியது. அது அவளுக்கும் தெரியும்.

விழா அன்று பேக்கிங் கொட்டகைக்கு முன்னால் பந்தலும் சின்ன மேடையும் போட்டிருந்தார்கள். காலை ஷிப்டு முடிந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் என்று கூட்டம் நிரம்பிவிட்டது. சர்க்கரைப் பொங்கல் அண்டாவைச் சுற்றி ஒரு தனிக்கூட்டம். பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் செங்கம்மாள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பம் அவளுடையது. எழுத்து தெரியாது. விக்டோரியா வாசித்துத்தான் இதுவரை வந்ததையெல்லாம் கேட்டிருக்கிறாள். ஆனால் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

எல்லாம் இருந்தது, ராஜவேலுவைத்தான் காணோம். அக்காவைப் பார்க்க ஊத்துக்கோட்டைக்குப் போனவன் காலையிலேயே திரும்பியிருக்க வேண்டும். பஸ் நடுவழியில் நின்றுவிட்டது என்று, சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார்.

ஆதிகேசவன் நடுவரிடம் ஓடினான். "சார், நான் சும்மா கூட நிக்கிறேன்னு வந்தவன். அவன்தான் எல்லாம் பேசறேன்னான்."

பாக்கியநாதன் சார் மைக்கைப் பிடித்தார். "தகுந்தது இல்லைனு பேச ஒருத்தர் வேணும். யார்னா வாங்க."

பின்னாலிருந்து ஒருவர், "எதிர்த்துப் பேசுனா குப்புராஜு கொதிகலன்ல போட்டுருவான்" என்றார். சிரிப்பு எழுந்தது. குப்புராஜும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தான். "ஆளே இல்ல சார். அப்ப நாங்க ஜெயிச்சிட்டதாவே சொல்லிடுங்க. ஆந்தைமலையில ஒரு கொற சொல்ல முடியுமா யாராலயாவது?"

அந்த வார்த்தை விக்டோரியாவுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. ஒரு குறையா? அவள் தன்னை அறியாமலே எழுந்துவிட்டாள்.

"நான் பேசறேன் சார்."

"உன் முறை அப்பறம்மா."

"இந்தப் பக்கம் இல்ல சார். அந்தப் பக்கம்."

குப்புராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. விக்டோரியா அவன் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆதிகேசவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். என்ன பேசப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குப்புராஜ் முதலில் பேசினான். கோபத்தில் இன்னும் நன்றாகவே பேசினான். வியாழக்கிழமை காலையில் ஸ்டேஷன் கடையில் நிற்கும் கூட்டத்தைச் சொன்னான். டிக்கெட் கொடுப்பவர் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டு, மெட்ராஸ் கேட்டவருக்குச் சூலூர்ப்பேட்டை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததைச் சொன்னான். "பகலெல்லாம் நெருப்பாண்ட நிக்கிறவன் நான். வியாயக்கிழமை ஒரு அர மணி நேரம் மட்டும் கதையில வர்ற பாதரச ஆத்தாண்ட, குளிர்ல நிக்கிறேன். அத்தக் குடுத்தவனுக்கு எவ்ளோ புகழ் குடுத்தாலும் தகும்." கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. விக்டோரியாவும் தட்டினாள். பிறகு நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய முறை வந்தது. மைக் முன்னால் நின்றாள்.

"குப்புராஜண்ணன் சொன்னதெல்லாம் நெசம். எனக்கும் அந்த ஆறு பிடிக்கும். அந்த ஆத்துல ஓடம் ஓட்டறவ பேரு பொன்னாத்தாள். ரெண்டாம் பாகத்துல வர்றா. ஞாபகம் கீதா?"

முன்வரிசையில் செங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தக் கடக்கறவங்க அந்த ஆத்துக்குக் கூலியா அவங்க நெழல வுட்டுட்டுப் போணும். எளவரசன் தர மாட்டேன்றான். நெழல் இல்லாதவன் ராஜாவா எப்பிடி ஆவறதுன்றான். சரின்னு அவ தன் நெழலையே அவனுக்காகக் குடுக்கறா. அப்பறம் அவன்கூடவே போறா. கோட்டைக்குள்ள கல்லு அறையில பேய்ங்க தொரத்திக்கினு வருது. ஒருத்தர் கதவ அழுத்திப் புடிச்சாத்தான் இன்னொருத்தர் தப்பிக்கலாம். 'நீ போ ராசா, நான் புடிச்சிக்கிறேன்'றா. அவன் இன்னா சொல்லிட்டுப் போனான்?"

"திரும்பி வந்து இட்டுக்கினு போறேன்னான்" என்று கூட்டத்திலிருந்து பெண் குரல்கள் சொல்லின.

"வந்தானா?"

முன்வரிசைப் பெண்கள் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"மூணாம் பாகத்துல பறக்கற குதிர வாங்கனான். நாலாம் பாகத்துல மகிழினியக் கட்டிக்கினான், ஊரே விருந்து சாப்டுச்சு. அஞ்சாம் பாகத்துல வேற தேசத்து மேல சண்டைக்கிப் போய்க்கினு கீறான். அவ கதவப் புடிச்சிக்கினே நிக்கிறா. எழுதறவரு மறந்துட்டாரு. அவரு மறந்தா மறக்கட்டும், படிக்கிற நாம கூட மறந்துட்டமே. வாரா வாரம் நான் பத்திரிகையப் பிரிக்கறப்போ எளவரசன் இன்னா ஆனான்னு பாக்கறதுல்ல. இந்த வாரமாவது யாராவது அந்தக் கதவாண்ட போனாங்களான்னுதான் பாக்கறேன். ஓடம் ஓட்டறவளும் ஒரு மனுஷின்னு நெனைக்காத கதைக்கு இத்தினி புகழ் எதுக்கு?"

வந்து உட்கார்ந்துவிட்டாள். சோப்புப் பெட்டி ஒட்டும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருத்தி தட்ட, பந்தல் முழுக்க அது பரவியது.

பதில் சொல்லக் குப்புராஜ் எழுந்தான். காகிதத்தை இப்படியும் அப்படியும் புரட்டினான். அதில் பொன்னாத்தாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காகிதத்தைச் சட்டைப்பையில் சொருகிவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

"அவ இன்னும் உள்ளயே கீறான்னு யார் சொன்னது?"

"பின்ன எங்க கீறா?" என்றாள் விக்டோரியா உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"வெளிய வந்துட்டா. எனுக்குத் தெரியும். நெழல் இல்லாதவங்க பேய்ங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. மொதப் பாகத்துலயே போட்டுகீது. கதவத் தெறந்துவுட்டுட்டு ஓரமா நின்னுகினா. பேய்ங்க எல்லாம் அவளத் தாண்டி ஓடிப்போச்சு. நேரா ஆத்தாண்ட வந்து ஓடத்த எடுத்துக்கினு போயிட்டா." சொல்லச் சொல்ல அவனுக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. "எளவரசன் வருவான்னு நின்னுக்கினு இருக்க அவளுக்கு இன்னா பைத்தியமா?"

செங்கம்மாள் எழுந்து நின்றாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. "அதெல்லாம் கெடையாது. ஓடத்தத்தான் பேய்ங்க ஒடச்சிட்டுதே. அவ நீந்தித்தான் போயிருப்பா."

"பாதரசத்துல எப்பிடிக்கா நீந்தறது?" என்று ஆதிகேசவன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"ஏன், மெதக்க மாட்டாளா? அதுல கல்லே மெதக்கும்னு எங்க ஊட்டுப் புள்ள பாடத்துல படிக்குது."

அதற்கு மேல் பட்டிமன்றம் யார் கையிலும் இல்லை. அவள் பேய்களோடு சமாதானமாகிவிட்டாள் என்றார் ஒருவர். அந்த அறையில் இன்னொரு கதவு இருக்கிறது, ஆயிரம் கதவில் எண்ணூறுதானே இதுவரை வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் துலுக்காணம், கதையைக் கேள்விப்பட்டே கால்மணி நேரம்கூட ஆகாதவர், அவளை ராணியாக்க வேண்டும் என்று எழுந்து நின்று கோரிக்கை வைத்தார். பாக்கியநாதன் சார் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாக அவள் ஒருத்தியாகக் கவலைப்பட்ட விஷயம் அது. இப்போது பந்தல் முழுக்க அவளுக்குத் துணைக்கு வந்திருந்தது.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. நடுவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு கதையில இத்தனை பேர் வந்து ஓட்டை அடைக்க வேண்டியிருக்குன்னா, ஓட்டை பெருசுன்னு அர்த்தம். அதனால ஆந்தைமலை இப்ப கிடைக்கிற புகழுக்குத் தகுந்தது இல்லை. இது என் தீர்ப்பு. விக்டோரியா கட்சி ஜெயிச்சிது."

ஆதிகேசவன் துள்ளி எழுந்தான். விக்டோரியாவின் முகம் மாறிவிட்டது. நேராக மேஜைக்குப் போனாள்.

"சார், தீர்ப்பு தப்பு."

"நீதானம்மா ஜெயிச்சிருக்க."

"தெரியுது சார். ஆனா தப்பு. கோவத்துல பேசனேன். பிடிக்காத கதையா இருந்தா, அதுல வர்ற ஒருத்திக்காக இத்தினி வருசம் கோவமா இருப்பனா? அவளும் அந்தப் புஸ்தகத்துல இருந்துதான வந்தா?"

பாக்கியநாதன் சார் அவளையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இத நீ மைக்குல சொல்லியிருக்கணும்."

"அப்ப எனக்கே தெரியாது சார்."

"நடுவர் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். போம்மா, பரிசுத் தூக்கை வாங்கிக்கோ" என்று ஒரு எவர்சில்வர் தூக்கை அவள் கையில் திணித்தார். தோற்றவளைப் போல அதை வாங்கிக்கொண்டு இறங்கினாள். குப்புராஜ் அண்டா பக்கத்தில் நின்றிருந்தான். பேசமாட்டான் என்று நினைத்தாள். அவன் ஓர் இலை நிறையப் பொங்கலை நீட்டினான்.

"அவ வெளிய வந்துட்டா. நீ கவலப்படாத" என்றான் உறுதியாக.

அந்த நேரத்தில்தான் ராஜவேலு சட்டையெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரு மாசமாகத் தயார் செய்த பேச்சு அவனுடையது. "நான் இல்லாமயே ஜெயிச்சிட்டீங்களா? சரி, யாரு அந்தப் பொன்னாத்தாள்?"

விக்டோரியா இலையிலிருந்து கையை எடுத்தாள். "ரெண்டாம் பாகம் படிச்சதில்லையா நீ?"

"மொதப் பாகத்துலயே பேஜாராயி வுட்டுட்டேன்."

"படிக்காமலா இத்தினி நாளு எங்க உசுர எடுத்த?" என்றான் குப்புராஜ்.

"கொற சொல்றதுக்கு ஒரு பாகம் போதாதா?" என்றவன், சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "சரி, குடு. படிச்சிட்டே பேசறேன்."

அவன் படித்தான். மறுவாரமே செங்கம்மாளிடம் வந்து, அந்த இளவரசன் ஒரு மனுஷனா என்று பொரிந்து தள்ளினான். அதன் பிறகு ஸ்டேஷன் கடையில் வியாழக்கிழமை முதல் ஆளாக நின்றது அவன்தான். படிப்பது திட்டுவதற்காகத்தான் என்றான். பாக்கியநாதன் சார் ஆசைப்பட்டதற்கு மாறாக, அவருடைய ஷெட்டில் அந்தப் பேச்சு ஒருநாளும் ஓயவில்லை.

அன்றைக்கு விழா முடிந்து, பொழுது சாயும் நேரத்தில், விக்டோரியாவும் மோசஸும் வீட்டுக்கு நடந்தார்கள். அவன் பந்தலின் கடைசியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியதாயிற்று. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்ததால் கேட் அடைத்திருந்தது.

"விக்டோரியா, அந்தக் கதவுக்குத் தாப்பா எந்தப் பக்கம் கீது?"

"இன்னாது?"

"அவ நின்ன பக்கம் தாப்பா இருந்தா, போட்டுட்டு அவளும் ஓடிருக்கலாமே. அழுத்திப் புடிக்கணும்னா கீல்ல ஏதோ கோளாறு. எந்தப் பக்கம் தெறக்கற கதவு அது?"

விக்டோரியா யோசித்துப் பார்த்தாள். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. "தெரிலயே" என்றாள்.

"மொதல்லருந்து சொல்லு. பாக்கலாம்."

"இப்பவா? நாலு பாகம் முடிஞ்சி அஞ்சாவது ஓடுது."

"ஊட்டுல இன்னா வேல? சொல்லு."

வண்டி போய் கேட் திறந்தது. தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆந்தை ராஜாவின் குரலில் அவள் ஆரம்பித்தாள். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுத் திருப்பம் வந்தபோது வளவன் மலையடிவாரத்தைக்கூட எட்டவில்லை. மோசஸ் திரும்பாமல் நேராக நடந்தான். அவளும் சொல்லிக்கொண்டே அவன்கூட நடந்தாள்.