பேன் பார்க்கிற புருஷன்

கோப்பி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியிலிருந்து வீடு வந்து சேரும்வரை அங்கம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வந்த பழனியாண்டி இரண்டு தடவை இருமிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. கண்டிக்குப் பக்கத்து மஹய்யாவ வரிசை வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என் தலைய மொட்டையடிக்கச் சொல்றதுக்கு நீங்க யாரு?"

"நான் எங்க சொன்னேன்?"

"சரிங்கன்னு சொன்னீங்களா இல்லையா?"

"மூட்டை முதுகுல இருந்துச்சு அங்கம்மா. கங்காணி ஐயா பக்கத்துல வந்து என்னமோ கேட்டாரு. நானும்..."

"மூட்டை முதுகுலதான இருந்துச்சு? காதுலயா இருந்துச்சு?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது.

கண்டிக்கு ரயில் வந்த வருஷம் அது. மலைத் தோட்டங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்த கோப்பியெல்லாம் அந்தக் கிட்டங்கியில் இறங்கும். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள். பெண்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்து, கறுத்த கொட்டையையும் உடைந்த கொட்டையையும் பொறுக்கி எறிவார்கள். அன்று மத்தியானம் துரை ஒரு கைப்பிடி கோப்பியை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தபோது, நல்ல கொட்டைகளின் நடுவே ஒரு பேன் ஊர்ந்து போனது. துரை போட்ட சத்தத்தில் வீரமலைக் கங்காணியின் முகம் வெளுத்துவிட்டது. துரை போனதும் அவர் தன் மனைவி ரத்தினம்மாவைக் கூப்பிட்டு, எல்லாப் பெண்களின் தலையையும் பார்க்கச் சொன்னார்.

ரத்தினம்மா பார்த்தாள். ஒரு கிழவி, இரண்டு சின்னப் பெண்கள், அங்கம்மா. மறுநாள் ஞாயிறு, காலையில் நாவிதர் வருவார், நால்வரும் மொட்டையடித்துக்கொண்டுதான் திங்கட்கிழமை பாயில் உட்காரலாம் என்று உத்தரவானது.

கிழவி புருஷனை இழந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு முடி வளர்ந்துவிடும். ஆனால் அங்கம்மாவின் கழுத்தில் தாலி இருந்தது, தாலி கட்டியவன் கல்லு மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தான். நேர்ந்துகொண்டு கோயிலில் முடி கொடுப்பது வேறு. புருஷன் உயிரோடு இருக்கும்போது வீட்டு முற்றத்தில் தலையைச் சிரைத்துக்கொண்டு நின்றால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"நாளைக்கு என்னைப் பாக்குறவ எல்லாம், பழனியாண்டி எப்ப செத்தான்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? சரிங்கன்னு சொல்லட்டுமா?"

"அப்படிப் பேசாத, புள்ள."

"வேற எப்படிப் பேசணும்? எங்கம்மா 'இந்த மாப்பிள்ளை அதிர்ந்து பேச மாட்டாரு'ன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தா. அதிர வேணாம். பேசவாவது தெரியும்னு நெனச்சேன்."

பழனியாண்டி குனிந்து தரையைப் பார்த்தான். கல்யாணமான புதிதில், தோணியிலிருந்து இறங்கி, கண்டிக்கு வரும் வடக்கு வழிக் காட்டுப் பாதையில் இருவரும் நடந்து வந்தபோது, முள்ளில் சிக்கிய அவள் கூந்தலை ஒரு இழைகூட அறாமல் எடுத்துவிட்டவன் அவன்தான். கூட வந்தவர்கள் நடந்து மறைந்த பிறகும் அவன் அந்த முள்மரத்தடியிலேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

"காலையில எந்திரிச்சதும் ஹுஸைன் நானா கடைக்குப் போங்க. சீத்தா விதை வாங்கிட்டு வாங்க. எங்க ஊர்ல அதை அரைச்சுத் தேய்ச்சா ஒரு பேன் மிஞ்சாது. நாவிதர் வர்றதுக்குள்ள என் தலை சுத்தமாகணும். விளங்குதா?"

"சரி" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து அவன் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் அம்மியைக் கழுவி, தேங்காயெண்ணெயை எடுத்து வைத்து, வெந்நீர் போட்டுக் காத்திருந்தாள். பழனியாண்டி திரும்பி வந்தபோது அவன் கக்கத்தில் ஒரு துணிச் சுருட்டு இருந்தது. சிவப்புப் பூவும் பச்சை இலையும் போட்ட துணி.

"இது என்ன?"

"சீத்தை."

"என்னது?"

"நீதான சீத்தா வாங்கச் சொன்ன? நானா இதைத்தான் எடுத்துக் குடுத்தாரு. இங்க பூப்போட்ட துணிக்கு அதுதான் பேராம். வூட்டுல காட்டுங்க, புடிக்காட்டி திருப்பித் தாங்கன்னாரு."

"விதைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அவருக்குக் கேக்கல. இது நல்ல சீத்தை, சாயம் போகாதுன்னு சொன்னாரு. நானும்..."

"சரிங்கன்னு சொல்லிட்டீங்க."

அவன் தலையாட்டினான். அங்கம்மா துணியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பேனுக்கு மருந்து கேட்டா ரவிக்கைத் துணி வாங்கிட்டு வர்ற ஆம்பளைய இந்தக் கண்டிச் சீமையில வேற எவ கட்டியிருக்கா? மொட்டைத் தலைக்குப் பூப்போட்ட ரவிக்கையா? நல்லா இருக்கும்!"

பக்கத்து வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சுவரைப் பார்த்து, "சிரிங்க, நல்லாச் சிரிங்க!" என்று கத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

ஹுஸைன் நானா அக்குறணை ஊர் முஸ்லிம். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். தெருவின் மேட்டில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருந்தார். அங்கம்மா துணியைக் கடைப் பலகையில் போட்ட வேகத்தில் தராசுத் தட்டு ஆடியது.

"நானா, நான் கேட்டது துணி இல்ல. தலையில தேய்க்க சீத்தாப்பழத்து விதை."

"சீத்தைப் பழமா?" ஹுஸைன் தாடியைத் தடவினார். "சீத்தை காய்க்கிற மரம் ஈந்தா நான் ஏன் புள்ள கொழும்புக்குப் போய்த் துணி எடுக்கிற?"

"நானா, வெளையாடாதீங்க. என் தலை போகப் போகுது."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு, பின்கட்டிலிருந்து ஹுஸைனின் மனைவி ஆஸியா உம்மா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள்.

"எனத்த புள்ள? ஆருக்கு எனத்த?"

அங்கம்மா மூச்சு விடாமல் சொன்னாள். பழம் எப்படி இருக்கும் என்று கையாலேயே வரைந்து காட்டினாள். மேலே செதில் செதிலாக, உள்ளே வெள்ளைச் சதை, கறுத்த வழவழப்பான விதை.

ஆஸியா உம்மா தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அல்லாவே! அன்னமுன்னாக் கொட்ட! அதத்தான் இந்தப் புள்ள கேக்குது. இவருக்கிட்ட சீத்தைண்டு சென்னா துணியத்தான் எடுப்பாரு, வேற எனத்தத் தெரியும்?"

"நீ போய் எடுத்துக் குடு, பேசாம" என்றார் ஹுஸைன், துணியைச் சுருட்டியபடி.

கொல்லையில் காய வைத்திருந்த விதைகளை ஆஸியா உம்மா ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொண்டு வந்தாள். "கண்ணுல மட்டும் பட்டுறப் படாது புள்ள. பட்டா பார்வையே போயிரும். நெத்தியில துணியக் கட்டிக்கிட்டுத் தேய்க்கணும், வெளங்கினதா? சும்மா கொண்டு போ. கெதியாப் போ."

அங்கம்மா மேட்டிலிருந்து இறங்கும்போதே பார்த்தாள். முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாவிதர் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். கிழவியின் தலையும் சிறுமிகளின் தலைகளும் வெயிலில் பளபளத்தன. ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் வரிசை வீட்டுப் பெண்கள். கங்காணியும் ரத்தினம்மாவும் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பழனியாண்டி கைகட்டி நின்றான்.

"எங்க போன?" என்றார் கங்காணி. "வந்து உக்காரு."

"எனக்கு ஒரு நாள் தாங்கய்யா. மருந்து கொண்டாந்திருக்கேன். நாளைக் காலையில நீங்களே தலையைப் பாருங்க."

"துரைக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

ரத்தினம்மா உதட்டைச் சுழித்தாள். "முடி மேல அவ்வளவு ஆசைன்னா அதைச் சுத்தமா வச்சிருக்கணும்டி. ஊத்தக் கூந்தலுக்கு ஒரு மருந்து, அதுக்கு ஒரு நாளு!"

அந்த 'ஊத்த' என்ற சொல் அங்கம்மாவின் காதில் சுட்டது. கையிலிருந்த கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தாள்.

"கங்காணியம்மா, தெனம் மத்தியானம் சோத்துக்கு விடுறப்ப எங்களை மாறி மாறிக் கூப்பிட்டு உங்க தலையில பேன் பாக்கச் சொல்றீங்களே, எதுக்கு? இருக்கிறதைத் தேடவா, இல்லாததைத் தேடவா? போன வாரம் பூரா நான்தான் பாத்தேன். என் மடியிலதான் உங்க தலை இருந்துச்சு. உங்ககிட்ட இருந்து எனக்கு வந்துச்சா, என்கிட்ட இருந்து உங்களுக்குப் போச்சா? பேன் உள்ள தலையெல்லாம் எறக்கணும்னா பெரியவங்க மொதல்ல உக்காருங்க. நான் பின்னால உக்கார்றேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ரத்தினம்மாவின் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போய், பாதி வழியில் இறங்கியது.

கங்காணி எழுந்தார். அங்கம்மாவிடம் பேசவில்லை. பழனியாண்டியிடம் திரும்பினார்.

"என்னடா, பொண்டாட்டிய அவுத்து விட்டுட்டு நிக்கிற? ஆம்பளைதானே நீ? நாவிதரே, வேலையப் பாரும்."

நாவிதர் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. "புருஷன் இருக்கிற பொம்பளைங்க. புருஷன் சம்மதிச்சு, தன் கையால எனக்கு வெத்தலை குடுக்கணும். அது இல்லாம நான் தலையைத் தொட மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

கங்காணி தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, இரண்டு வெற்றிலையும் பாக்கும் எடுத்துப் பழனியாண்டியின் கையில் திணித்தார். "குடுடா."

அங்கம்மா அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. அவன் கொடுத்துவிட்டால் இந்த முற்றத்தில் தலைமுடியை மட்டும் இழந்துவிட்டுப் போகமாட்டேன், இவனையும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று அந்தப் பார்வை சொன்னது. அவனுக்கு அது புரிந்தது.

பழனியாண்டி நாவிதரை நோக்கி இரண்டடி வைத்தான். நின்றான். வெற்றிலையைப் புரட்டிப் பார்த்தான். வேட்டியில் துடைத்தான், காம்பைக் கிள்ளினான், பாக்கை உள்ளே வைத்து மடித்தான். மடித்ததைத் தன் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினான்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. நாவிதருக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் கத்தியை மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

"டேய்!" என்று கங்காணி உறுமினார். "என்ன பண்றேன்னு தெரியுதா? நாளைக்குக் கிட்டங்கிப் பக்கம் வராத! ரெண்டு பேரும் வராதீங்க! கேக்குதாடா?"

பழனியாண்டி மென்றுகொண்டே இருந்தான். நெற்றியில் வேர்த்தது. வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் அதில் வேறு எந்த வார்த்தைக்கும் இடமில்லை. கங்காணி எச்சிலைத் துப்பிவிட்டுப் போனார். ரத்தினம்மா கொண்டையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கூட்டம் கலையாமல் நின்றது. அங்கம்மா கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் விதையை அம்மியில் வைத்து நைத்தாள். நைத்த வேகத்தில் அம்மி நகர்ந்தது. எண்ணெயில் குழைத்து, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவளே தேய்த்தாள். ஊறிய பின் சீயக்காய் போட்டு, கண்களை இறுக மூடிக் குனிந்து அலசினாள். அதுவரை பழனியாண்டி கதவோரம் நின்று தண்ணீர் மொண்டு ஊற்றினான்.

பிறகு அவள் பேன் சீப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பாருங்க."

"உள்ள வா. இங்க வெளிச்சம் இருக்கு."

"உள்ள இல்ல. முத்தத்துல. என் தலையைச் சிரைக்கச் சொன்னது முத்தத்துல. பாக்குறதும் முத்தத்துலதான்."

அவன் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து ஈரக் கூந்தலை விரித்துப் போட்டாள்.

"ஏ பழனியாண்டி!" என்று எதிர் வீட்டுக் காளிமுத்து கத்தினான். "பொண்டாட்டிக்குப் பேன் பாக்குற ஆளு! நாளைக்கு எங்க வூட்டுக்கும் வர்றியா?"

"ஓம் பொண்டாட்டி மூணு மாசமா சொறியறா. நீ ஏன்டா அவளுக்குப் பாக்கல?" என்று அங்கம்மாவே திருப்பிக் கொடுத்தாள். காளிமுத்துவின் பொண்டாட்டி உள்ளேயிருந்து, "நல்லாக் கேளுங்க அக்கா!" என்றாள்.

சீப்பு மெல்ல இறங்கியது. செத்த பேன்கள் வெள்ளைத் துணியில் விழுந்தன. அங்கம்மா ஓயாமல் திட்டினாள். கங்காணியைத் திட்டினாள், துரையைத் திட்டினாள், மூட்டையைத் திட்டினாள், மூட்டையைச் சுமந்தவனைத் திட்டினாள். நாளைக்கு வேலைக்கு எங்கே போவது என்றும் திட்டினாள். ஹுஸைன் நானாவின் பொதி மாடுகளுக்கு ஆள் வேண்டியிருக்கும், கேட்டுப் பார்ப்போம் என்று அவன் முணுமுணுத்தபோது, அதற்கும் திட்டினாள். வெயில் ஏறியது. கூந்தல் கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்து அவன் முழங்காலில் படிந்தது.

ஒரு கட்டத்தில் அவள் பேச்சு நின்றது. பழனியாண்டிக்குப் பயம் வந்தது.

"என்ன, சத்தத்தைக் காணோம்?"

"ஏன், பேன் பாக்க என் வாயும் வேணுமா? காதுக்குப் பின்னால பாருங்க. அங்கதான் ஈர் அப்பிக் கெடக்கு."

அவன் காதுக்குப் பின்னால் பார்த்தான். முடி ஒன்றுகூட அறாமல், விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். அங்கம்மா தலையைச் சாய்த்து அவன் முழங்காலில் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று அவன் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, முகத்தை மட்டும் விடாமல் சுளித்துக்கொண்டிருந்தாள்.