பக்கத்து மனையில் எழுந்த வீடு

வங்கி அனுப்பிய புது இன்ஜினியர் சுவர்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே வந்தவர், அடுத்த மனையின் புதருக்குள் இறங்கி, காலால் மண்ணைத் தள்ளி, எல்லைக்கல் ஒன்றைத் தேடிப் பிடித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க மனை இதுதான். வீடு பக்கத்து மனையில நிக்குது."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கூரை மட்டும்தான் பாக்கி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய மனை. அதன் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கடன் எடுத்திருந்தார்கள். சுவர் எழும்ப எழும்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வரும். கட்டுவது அவள் கூடப்பிறந்த அண்ணன். ஊருக்கே அவன் மேஸ்திரி; அவள் புருஷன்கூட அவனை மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

"மேஸ்திரி, இவர் என்ன சொல்றார்?" என்றான் புருஷன். லிஃப்ட் மெக்கானிக், அரை அங்குலம் பிசகினாலும் தூக்கம் வராதவன்.

அண்ணன் முகம் செத்துப்போனது. "நடுவுல ஒரு கல்லக் காணோம் மாப்ளே. குத்துமதிப்பா அளந்துட்டேன்."

"குத்துமதிப்பா!" என்றான் புருஷன். அன்றிலிருந்து அவன் அண்ணனிடம் பேசவில்லை.

"அப்போ முன்னாடி ரெண்டு தடவை எப்படிப் பணம் குடுத்தீங்க?" என்று அவள் இன்ஜினியரை மடக்கினாள்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டோவைப் பார்த்தே கையெழுத்துப் போட்டிருக்காரும்மா."

வங்கி மேலாளர் நாற்காலி தந்தார், தண்ணீர் தந்தார், பணம் மட்டும் இனி இல்லை என்றார். இதுவரை வாங்கிய கடனை மாதாமாதம் கட்டியாக வேண்டும். பக்கத்து மனையோடு மனையை மாற்றிக்கொள்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"கடன் முடியாம பத்திரத்தை எப்படிம்மா விட முடியும்?"

பக்கத்து மனைக்காரி ஓய்வுபெற்ற நர்ஸ். குடையை மடக்கிக்கொண்டு, கதவில்லாத வாசல் வழியே நுழைந்து அறை அறையாகப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள், கத்தவில்லை.

"மாத்திக்க முடியாதும்மா. உன்னோடது பள்ளம், மழை பெஞ்சா குளம். மேடுன்னுதான் நான் இதை வாங்கினேன். இடின்னு சொல்லவும் மனசு வரலை. செங்கல் விலை தர்றேன், அப்படியே விட்டுடு."

அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அண்ணன் சம்மட்டியோடு வந்தான். "செங்கல் விலையா? நான் கட்டினதை நானே தரைமட்டமாக்கறேன்!"

"இடிச்சா உன் ஆத்திரம் தீரும்ணா. என் கடன் தீருமா?"

அவன் சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. அவனை அடிக்க வேண்டும் போலவும், அவன் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உள்ளே போய் உலை வைத்தாள்.

நர்ஸிடம் பணம் வாங்கி வங்கியில் கட்டினாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அவள் எழுந்தபோது நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதே. சுவரெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. மீதியையும் உன் அண்ணனே கட்டித் தருவாரா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

அண்ணன் ஒத்துக்கொண்டான். வாரக்கடைசியில் கூலியைத் தன் சாப்பாட்டுக்குக்கூட எடுக்காமல் தங்கை கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிவிடுவான். அவள் வாங்கிக்கொண்டாள். வேறு வழி? புருஷன் அந்தக் காசைத் தொடமாட்டான். அது அப்படியே வங்கிக்குப் போனது.

ஒருநாள் புருஷன் கிரீஸ் கறை போகக் கைகழுவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"அங்க கூரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ஒழுகாதே?"

"அண்ணன் போட்டது. ஒழுகாது."

"ம்" என்றான். போட்டு வைத்த சோற்றைத் தொடாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.