ராஜையாவின் கதவுகள்

ரப்பர் விலை இறங்கிய வருஷத்தில், கொல்லயில் என்ற ஊரில் ராஜையாவின் முற்றத்தில் நின்ற கதவுகளை மறுபக்கத்திலிருந்து ஆட்கள் தட்ட ஆரம்பித்தார்கள். வீடில்லை, சுவரில்லை. நிலையோடு பெயர்த்துவந்த வெறும் கதவுகள், தென்னைகளில் சேர்த்துக் கட்டி வரிசையாக நின்றன. பின்னால் போய்ப் பார்த்தால் வாழையும் சேம்பும்தான். ஆனாலும் தட்டினார்கள், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களைப் போல அவசரமில்லாமல்.

ராஜையாவுக்குப் பழைய வீடுகளை இடித்து மரம் விற்கிற தொழில். உத்தரமும் ஓடும் காட்டாக்கடைக்கு லாரியேறிவிடும். கதவை மட்டும் கொடுக்க மனசு வராது. முதலில் நல்ல அயினி மரக் கதவாகப் பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு கரையான் தின்றதையும் விடவில்லை. மழைக்காலத்தில் கதவுகளுக்குத் தார்ப்பாய் போட்டவர், சொந்த வீட்டின் உடைந்த ஓடுகளை மாற்றவில்லை. மனைவி சரோஜம் ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, "கதவு நனையப்பிடாது, நான் நனையலாம் இல்லியா?" என்று கேட்டாள். அவர் காதில் அது விழவேயில்லை.

கதவு தட்டினால் எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: "ஆராக்கும்?" அதுதான் வினையாகிப்போனது. இடித்த வீடுகளில் முன்பு இருந்து செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கே குடிவந்துவிட்டார். மகள் ஜிஷா பிரசவத்துக்கு வந்து, பிள்ளையோடு பெங்களூருக்குத் திரும்பிப் போனாள். பேத்தியை அவர் மடியில் வாங்கியது ஒரே தடவை. அப்போதும் காது கதவுப் பக்கம்தான்.

ஊரார் வீட்டுச் செத்தவர்களெல்லாம் வரும்போது தன் அப்பன் மட்டும் வரவில்லையே என்ற ஏக்கம் அவரைப் பிடித்தது. ஒருநாள் சொந்த வீட்டு முன்வாசல் கதவையே கழற்றிவிட்டார்.

"அய்யோ, வாசலுக்கு நான் என்ன செய்ய?"

"ஒரு சேலையைக் கெட்டி விடு. இது எங்க அப்பன் தொட்ட கதவாக்கும்."

அதையும் வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். யாரும் தட்டவில்லை. நாளாக ஆக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், தானே போய்க் கூட்டிவருவதென்று கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். கிணற்றடியில் நின்ற சரோஜம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஓடிப்போய்ப் பின்னால் பார்த்தாள். வாழையும் சேம்பும்தான்.

அன்றே அந்தக் கதவில் தட்டு கேட்டது. "நானாக்கும் சரோஜம், திற." திறந்தாள், யாருமில்லை. சாத்தினால் மறுபடியும் தட்டு. கை ஓயும்வரை திறந்து பார்த்து, அந்த ஆள் மேலுள்ள கோபத்திலும் பிரியத்திலும் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஜிஷா வந்து மற்ற கதவுகளையெல்லாம் விற்றாள். தட்டுகிறவர்களும் அதோடு போனார்கள். இந்த ஒன்றைத் திரும்ப வாசலில் மாட்டலாமென்று ஆசாரி சொன்னபோது சரோஜம் சம்மதிக்கவில்லை. அசைத்தால் அந்த ஆள் எங்கே போவாரென்று யாருக்குத் தெரியும்? தினமும் சாயங்காலம் கதவடியில் பாலில்லாத கட்டன் சாயா ஒரு கிளாஸ் வைப்பாள். காலையில் கிளாஸ் காலியாக இருக்கும்.

இந்த விடுமுறைக்குப் பேத்தி ஜெஸ்னா வந்திருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. விளையாட்டாக அந்தக் கதவை இந்தப் பக்கமிருந்து தட்டினாள்.

"ஆராக்கும்?" என்று ராஜையாவின் குரல் கேட்டது.

"ஜெஸ்னா."

"எந்த வீட்டுப் பிள்ளை மக்களே?" என்று கேட்டார்.

சரோஜம் சாயாவைக் கதவடியில் வைத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து, வாசல் சேலையை விலக்கி உள்ளே கூட்டிப்போனாள்.