கடைசி வீட்டிலிருந்து ஒரு விசில்

லாவண்யா கேட்டைத் தாண்டி ஓடியபோது என் கையில் டோலக் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், தூக்கிக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் அம்மா ராதா "ஐயோ, ரோடு, ரோடு" என்று கத்திக்கொண்டு வந்தாள். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெரு ஒன்றும் பெரிய சாலை இல்லை, ஆனால் அல்சூர் பக்கம் போகிற ஆட்டோக்களுக்கெல்லாம் அதுதான் குறுக்கு வழி. நல்லவேளையாக மூன்றாம் வீட்டு டென்சில் கேட்டுக்கு வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறியபடி வருவதைப் பார்த்ததும், சைக்கிளைப் போட்டுவிட்டு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் முழங்கையை நன்றாகவே கடித்தாள். அவர் விடவில்லை.

இத்தனைக்கும் காரணம் பக்கத்து வீட்டுச் சரசுவின் குக்கர். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். அது ஒரு விசில் அடித்தது, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு நான் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பொங்கல் கழிந்து. அதற்கு முன் சேலத்திலிருந்து வந்த நாளிலிருந்து லேடீஸ் ஹாஸ்டல்தான். வெளி ஆட்களை உள்ளே விட மாட்டார்கள், சத்தம் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால்கூட வார்டன் வந்து தட்டுவார். என்னிடம் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளைப் பார்க்க எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. தனியாக இருக்கும் பெண், முப்பத்தாறு வயது, கழுத்தில் தாலி இல்லை, கையில் ஆர்மோனியம். யார் வீடு கொடுப்பார்கள்? ஒவ்வொரு வாசலிலும் மியூசிக் தெரபிஸ்ட் என்றால் என்ன என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். கோவிந்தப்பா மட்டும் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மியூசிக் டீச்சரா? ஒள்ளேது, ரொம்ப நல்லது. நம்ம லைன்ல ஒரு சரஸ்வதி இருக்கட்டும்மா" என்று சாவியைக் கொடுத்தார். நான் டீச்சர் இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு சாவியைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

லைன் வீடு. ஒரே கேட், ஒரே முற்றம், வரிசையாக ஆறு வாசல். கேட்டை ஒட்டியது என் வீடு, கடைசியில் கோவிந்தப்பா. வந்த முதல் நாள் நான் பால் காய்ச்சியபோது கூப்பிடாமலே எல்லாரும் வந்தார்கள். சர்க்கரை வாங்க மறந்திருந்தேன், சரசு தன் வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். சில நாட்களில் இரண்டு தாய்மார்கள் தங்கள் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரக் கேட்டு வந்தார்கள். என் குரல் அப்படியொன்றும் ஆகா ஓகோ இல்லை. என் வேலைக்குப் பாட்டு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பேசாத குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வரும். இதைச் சொன்னதும் அவர்கள் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று முற்றத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். லாவண்யா என் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். ராதா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"எங்க போனாலும் இதேதாங்க. ஈஜிபுரால எங்களச் சுத்தி எத்தினி வீடு, எத்தினி குக்கர். போன மாசம் ஆட்டோல அடிபட இருந்தா. எங்க வீட்டுக்காரரு முடிவே பண்ணிட்டாரு. ஜூன் மாசம் ஓசூர் தாண்டி ஒரு ஹோம்ல விட்டுடலாம்னு. அங்க மதில் சுவரு பெருசாம்."

ஜூனுக்கு நாலைந்து மாதம்தான் இருந்தது. அந்தக் குழந்தை முந்தைய வாரம்தான் முதல்முறையாக என் டோலக்கில் தன் விரலை வைத்திருந்தாள். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வீடு போய்விடுமே என்ற பயமும் இருந்தது. சரஸ்வதி என்று நம்பிச் சாவி கொடுத்த மனிதர் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவே எனக்கு நோட்டீஸ் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை லாவண்யா வந்தபோது கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். விசில் வரவில்லை. அவள் டோலக்கைத் தட்டினாள். நான் பாடினேன். மறுபடி தட்டினாள். அவ்வளவு நேரமும் ஒரு வீட்டிலிருந்தும் விசில் இல்லை. அவர்களை ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பினால், வரிசையாக ஐந்து வாசலிலும் ஒரு காட்சி. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் சோற்றுப் பானை சாய்த்து வைத்திருந்தது, கஞ்சி வடிந்துகொண்டிருந்தது. டென்சில் வீட்டு வாசலில் மட்டும் பானை இல்லை. மெஸ்ஸில் சாப்பிடும் மனிதர், ஆனாலும் அவரும் ஏதோ கடமைபோலப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"யாரு சொன்னா, சரசு?" என்றேன்.

"யார் சொல்லணும்? ரெண்டு நாளு வடிச்சித் தின்னா இன்னா கொறஞ்சி பூடும்? ஓனரு கூட வடிச்ச சோறுதான் இன்னிக்கு. போ டீச்சரு, கஞ்சில உப்பு போட்டுக் குடி." ஒரு சொம்பை என் கையில் திணித்தாள்.

அந்தக் கஞ்சியை நின்றுகொண்டே குடித்தேன். எனக்கு ஒரு ஊர் கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது. பெங்களூரில் அத்தனை வருஷம் இருந்தும் தோன்றாதது.

செவ்வாயும் சனியும் அப்படியே போயின. லாவண்யா தாளத்துக்கு வந்துவிட்டாள். நான் நிறுத்தினால் என் கையை எடுத்து ஆர்மோனியத்தின் மேல் வைப்பாள். ஆனால் பங்குனி பிறந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த நிசப்தம் மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். உலகம் அவளுக்காகச் சோறு வடிக்கப் போவதில்லை. விசில் வேண்டும். தூரத்திலிருந்து, சின்னதாக, வருமென்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்து, ஒரு பாட்டுக்குள்ளே வர வேண்டும். அதை யாரிடம் போய்க் கேட்பது? எனக்காக வெயிலில் அடுப்படியில் நின்று கஞ்சி வடிக்கிற பெண்களிடமா, போதும் குக்கரை எடுங்கள் என்று சொல்வது? நன்றிகெட்டவள் என்றுதானே நினைப்பார்கள். ஒரு வாரம் சொல்லாமலே கடத்தினேன். பிறகு தண்ணீர் வந்த காலையில் குழாயடியில் சரசுவிடம் மென்று விழுங்கிச் சொன்னேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்போ விசில் வோணுமா?"

"ஆமாங்க. மொதல்ல கடைசி வீட்டிலருந்து. அப்புறம் ஒவ்வொரு வீடாக் கிட்ட கிட்ட."

"கடைசில என் வீடு."

"கடைசில உங்க வீடு."

சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் குழாயடியே திரும்பிப் பார்த்தது. "இத்த சொல்றதுக்கா இப்பிடி முழுங்கற? கை நோவுது டீச்சரு பானையத் தூக்கித் தூக்கி. எப்பக் கேப்பேன்னுதான் இருந்தோம்."

முதல் முறை கோவிந்தப்பா வீடு. குக்கரில் ஆவி சீறத் தொடங்கும் நேரம் பார்த்துச் சரசு முற்றத்தில் நின்று கையைத் தூக்குவாள், ஜன்னல் வழியாக அது எனக்குத் தெரியும். உடனே நான் "வருது, வருது" என்று ஒரு மெட்டை மேலே மேலே ஏற்றுவேன். விசில் வருகிற இடத்தில் லாவண்யாவும் நானும் டோலக்கை ஓங்கி அடிக்க வேண்டும். அன்று தூரத்தில் ஈனமாக ஒரு சத்தம் கேட்டது. லாவண்யாவின் தோள்கள் காதுவரை ஏறின. கையும் டோலக்கில் விழுந்தது. ராதா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் வீடு, நான்காம் வீடு. நான்காம் வீட்டில் ஒருநாள் சரசு கை தூக்குவதற்கு முன்னாலேயே விசில் அடித்துவிட்டது. என் மணிக்கட்டில் பல் பதிந்தது, லாவண்யா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மறுபடி கோவிந்தப்பா வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். நான்காம் வீட்டுப் பெண் என் வாசலில் வந்து நின்று அழுதாள், அவளைத் தேற்றுவது தனி வேலையாகப் போயிற்று. மூன்றாவது டென்சில் வீடு. அதைத் தாண்டி விடலாம் என்றிருந்தேன். அவர் கோபித்துக்கொண்டார்.

"என்ன மேடம், கடி வாங்கினது நானு. என் டர்ன் மட்டும் கட்டா?"

தங்கை வீட்டுக்குப் போய்க் குக்கர் வாங்கி வந்தார். அரிசி கிடையாது, பருப்பு கிடையாது, வெறும் தண்ணீர். இஸ்திரி போட்ட சட்டையில் அதன் முன்னால் நின்றார். வெறும் தண்ணீர் அடித்த விசில்தான், ஆனால் அதற்கு லாவண்யா தோளைத் தூக்கவில்லை.

மே கடைசிச் சனிக்கிழமை ராதாவோடு அவள் கணவர் சண்முகமும் வந்தார். ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், மெலிந்த மனிதர். உள்ளே வரமாட்டேன் என்று கேட்டிலேயே நின்றுகொண்டார். எங்கே நின்றால் மகளைப் பிடிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த ஹோம்ல திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ரோட்டில் எத்தனை முறை ஓடியிருப்பார் பாவம்.

அன்று சரசுவின் முறை. அவள் முற்றத்தில் நிற்க முடியாது, கோவிந்தப்பா நின்று கையைத் தூக்கினார். நான் மெட்டை ஏற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் வெடித்தது. எனக்கே தூக்கிப் போட்டது. லாவண்யா டோலக்கை அடிக்கவில்லை. எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

சண்முகம் கேட்டில் கையை விரித்துவிட்டார். ராதா கத்த வாய் திறந்தாள். ஆனால் லாவண்யா கேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சரசு வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே நுழைந்ததும் அடுப்புதான், கை எட்டும் தூரத்தில் குக்கர். சரசு கரண்டியோடு சிலையாகி நின்றாள். அணைக்கவா என்று கண்ணால் என்னைக் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். லாவண்யாவின் கைகள் காதுக்குப் பக்கத்தில் போய், பொத்தாமல், அங்கேயே நின்றன. அவள் குக்கரின் மேலிருந்த வெயிட்டையே பார்த்தாள். பிறகு வாசற்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

சண்முகம் மெதுவாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைத் தொடாமல், பக்கத்தில் குந்தினார். அவரும் அதையே பார்த்தார். சரசுவின் பருப்பு எப்போதோ குழைந்திருக்கும். யாரும் அடுப்பை அணைக்கவில்லை. ஓரத்தில் சன்னமாக ஆவி கிளம்பி, வெயிட் லேசாக ஆடத் தொடங்கியது.