ஒற்றைக் காது விமர்சனம்

துசாந்தினிக்கு விரல்களை மடக்க முடியவில்லை. விடியப்புறம் தொடங்கி வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றியதில் பெருவிரலடியில் பிடித்த வலி முழங்கை வரைக்கும் இழுத்தது. நண்டு கடித்த இடங்களில் உப்புத்தண்ணீர் பட்டு எரிந்தது. விடத்தல்தீவுக் கரையில் வலை கழற்றும் பெண்கள் இதையெல்லாம் வருத்தம் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பதில்லை. வள்ளம் வந்தால் வலை வரும். வலை வந்தால் கை ஓட வேண்டும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இந்தியாவில் வெளியாகும் புதுப் பாட்டுகளைக் கேட்டு, சனிக்கிழமை யூடியூப்பில் விமர்சனம் சொல்லுவாள். தமிழ், மலையாளம், தெலுங்கு, ஹிந்தி, பஞ்சாபி, எதையும் விடமாட்டாள். சினிமாப் பாட்டு, கானா, ராப், பக்திப் பாட்டு எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். மொழி விளங்காத பாட்டுக்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தாள்: கேட்கும்போது கை தன்பாட்டில் ஓடுகிறதா, இல்லையா.

"இந்தப் பஞ்சாபிப் பாட்டுக்கு ரெண்டு வலை கழட்டிப் போட்டன், ஒரு நண்டும் கடிக்கேல்லை. நல்ல பாட்டு," என்பாள். இன்னொரு நாள், "இந்த ஹிந்திப் பெடியன் காதல் தோத்து அழுறானாம். எனக்கெண்டால் பல்லுக்கொதியில அழுற மாதிரிக் கிடக்கு," என்பாள். கனடாவிலும் பிரான்சிலும் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாய்க்காரி என்ற பெயரோடு ஆட்களும் கூடினார்கள்.

பாட்டை அவள் இடது காதால் மட்டுமே கேட்டாள். வலது காது சம்மாட்டிக்கு உரியது. படகும் வலையும் அவருடையவை. "அடுத்த வலை" என்று அவர் கூப்பிடும்போது கேட்காதவளுக்கு மறுநாள் வேலை இல்லை. அதனால் வலை கழற்றும் கரைக் கொட்டிலான வாடியில் எந்தப் பெண்ணும் இரண்டு காதையும் அடைப்பதில்லை. துசாந்தினியின் இயர்போனில் வலது பக்கம் உப்புத்தண்ணீரில் செத்துப்போனபோது, எப்படியும் தேவைப்படாததுதானே என்று புதிது வாங்காமல் விட்டாள். வீட்டிலும் அதையே மாட்டினாள். ஒரு காதால் கேட்டால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்பது அவள் நினைப்பு.

அப்படியிருக்கையில் ஒருநாள் இந்தியாவிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"அக்கா, மண்டபம் அகதி முகாம்ல இருந்து கிருஷிகா பேசுறேன். எங்க அம்மா றஞ்சிதத்துக்கு உங்க விடத்தல்தீவுதான் சொந்த ஊர். சண்டைக் காலத்துல படகேறி வந்தவங்க. உங்க வீடியோவை அம்மாவும் நானும் ஒண்ணு விடாம பார்ப்போம். என்னோட முதல் பாட்டு இந்த வெள்ளிக்கிழமை வருது. உள்ளதைச் சொல்லுங்க அக்கா."

துசாந்தினி உள்ளதைத்தான் சொன்னாள். பிள்ளை நன்றாகப் பாடியது. "நம்ம வீடு எந்தப் பக்கம் அம்மா?" என்று கேட்டது. பிறகு வெறும் மேளம். மறுபடியும் ஒரு கேள்வி, மறுபடியும் மேளம். பாட்டு முழுக்க அப்படியே போனது.

"தங்கச்சிக்குக் குரல் இருக்கு," என்றாள் வீடியோவில். "ஆனால் கேட்டுப்போட்டுக் கேட்டுப்போட்டு நிக்குது, மறுமொழி சொல்ல ஒரு குருவியும் இல்லை. நடுக்கடல்ல எஞ்சின் நிண்ட வள்ளம் மாதிரி. அந்த ஓட்டையில ஒரு புல்லாங்குழலையாவது வைச்சு அடை, பிள்ளை."

எஞ்சின் நின்ற வள்ளம் என்ற பேச்சை மட்டும் யாரோ வெட்டியெடுத்துப் பரப்பினார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் பாட்டைக் கேட்கவே இல்லை. 'அந்த அம்மாவின் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே' என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். வேறு எந்தப் பாட்டையோ சொல்கிறார் என்று துசாந்தினி கடந்து போனாள்.

சில நாள் கழித்து நண்டு ஏற்ற ஹில்மியின் லொறி வந்தது. மன்னார் ரவுனிலிருந்து வரும் ஹில்மிக்குப் பாட்டில்லாமல் லொறி ஓடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளே கிருஷிகா கேட்டாள்: "நம்ம வீடு எந்தப் பக்கம் அம்மா?"

ஒரு பெண்குரல் மறுமொழி சொன்னது.

துசாந்தினி வலையை விட்டுவிட்டு எழும்பினாள். "ஹில்மி, இது ஆர் பாடுறது?"

"என்னக்கா பகிடியே? நீங்க கிழிச்சுத் தொங்கவிட்ட பாட்டுத்தானே."

"அதில ஒரு குரல்தானே."

"ரெண்டு குரல் அக்கா. மகள் இந்தக் கதவுப் பக்கம் பாடும், தாய் அந்தக் கதவுப் பக்கம் பாடும். ஏறி இருந்து கேளுங்கோ."

அவள் நண்டுச் சேறோடு சீற்றில் ஏறி இருந்தாள். இடப்பக்கக் கதவிலிருந்து மகள் கேட்டாள். வலப்பக்கக் கதவிலிருந்து தாய் சொன்னாள்: கோயிலடியில இறங்கு மகள். கடலைப் பார்த்து நட. வேம்படி வரும், கிணறு வரும். அதில நிண்டு றஞ்சிதத்தின்ர வளவு எண்டு கேள், ஆரும் காட்டுவினம். கரகரத்த குரல், வரி முடியுமுன் மூச்சு முடிந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது, வாசலில் நின்று வழி சொல்கிற மாதிரி இருந்தது. துசாந்தினி அன்று காலையிலும் அந்த வேம்பைத் தாண்டித்தான் கரைக்கு வந்திருந்தாள். அந்த வளவு யாருடையது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இயர்போனை எடுத்துக் காட்டி விசயத்தைச் சொன்னாள். ஹில்மிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "யா அல்லாஹ்! ஒத்தைக் காதை வைச்சுக்கொண்டோ முழு இந்தியாவுக்கும் தீர்ப்புச் சொன்னனீங்கள்?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "நல்ல காலம் முதல் நாளே இறக்கி வைச்சன். இப்ப யூடியூப்பில போட்டிருக்கிறதில தாய் இல்லை."

"என்ன சொல்லுறாய்?"

ஹில்மி தன் போனில் எடுத்துக் கொடுத்தான். அதே படம், அதே பாட்டு. மகள் கேட்டாள். தாய் சொன்ன இடத்தில் புல்லாங்குழல் ஒலித்தது. கீழே எழுதியிருந்தது: 'துசாந்தினி அக்காவுக்கு நன்றி. குறையைச் சரிசெய்துவிட்டோம்.'

சம்மாட்டி கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. அங்கேயே இருந்து கிருஷிகாவுக்கு அழைத்தாள்.

"அக்கா! புதுசைக் கேட்டீங்களா? இப்ப நல்லா இருக்கா?"

துசாந்தினி சுற்றிவளைக்காமல் சொன்னாள். செத்த இயர்போனையும் சொன்னாள்.

"நாங்க வேற மாதிரி நினைச்சோம் அக்கா," என்றாள் கிருஷிகா. "அம்மா பாடினது அவ்வளவு மோசம், அதைக் குரல்னு கூடச் சொல்ல மனசில்லாம ஓட்டைன்னு சொல்றீங்கன்னு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அம்மாதான் எடுத்துடு எடுத்துடுன்னு நின்னாங்க. மெட்ராஸ்ல யாராச்சும் சொல்லியிருந்தா அம்மா சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க அக்கா. ஊர்ல இருந்து சொன்னீங்கல்ல."

"அம்மாட்டப் போனைக் குடு, பிள்ளை."

தள்ளியிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது. "நான் கதைக்கேல்லை எண்டு சொல்லு. என்ர மனம் ஆறட்டும் எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது போல. குரல் நல்லா இருந்திருந்தால் அண்டைக்கே சொல்லியிருக்கும்."

அந்தச் சனிக்கிழமை துசாந்தினி வேறு எந்தப் பாட்டையும் எடுக்கவில்லை. "நான் ஒரு காதால கேட்டுப்போட்டுக் கதைச்சனான். பிழை என்ர," என்றாள். அதில் பகிடி இல்லாதபடியால் யாரும் வெட்டிப் பரப்பவில்லை. பார்த்தவர்களும் கொஞ்சப் பேர்தான். கிருஷிகா பழைய பாட்டைத் திரும்பவும் ஏற்றினாள். ஆனால் அடுத்த பாட்டில் தாய்தான் முழுக்கப் பாடுவதாக இருந்தது. பதிவு செய்யக் கூப்பிட்ட அன்று றஞ்சிதம் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. "இனிப் பாடமாட்டாங்களாம் அக்கா," என்று மட்டும் கிருஷிகா எழுதினாள்.

துசாந்தினி இன்னமும் அழைக்கிறாள். கிருஷிகா எடுத்துச் சுகம் விசாரிக்கிறாள். தாயைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்: குளிக்கிறா, கடைக்குப் போய்விட்டா, படுத்துவிட்டா. வீடியோவில் சொன்னது ஊருலகத்துக்குச் சொன்னது. றஞ்சிதத்துக்கு நேரே ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் துசாந்தினிக்கு இருக்கிறது. அதை அவளால் இன்னும் தீர்க்க முடியவில்லை.