கடைசி எழுத்து

...இல்லை, இந்த முறையும் கடைசி எழுத்தைக் காணோம், 'மாடு வீடு வந்தது' என்று வாசித்தால் ஹெட்போனில் 'மாட் வீட் வந்தத்' என்றுதான் திரும்பி வருகிறது, பாடம் வாசித்துப் பதியும் வேலையைக் கொடுத்த சாருலதா மேடம் காலையில் போனில் சொன்னது சரிதான், "வார்த்தைய முழுங்குறம்மா, கண்ணு தெரியாத பிள்ளைக காதாலதான படிக்கணும், சாயங்காலத்துக்குள்ள திருத்தி அனுப்பு, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்"... முழுங்குவது முத்துமீனாவுக்குப் புதிதா என்ன, ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முழுங்கியவள்தானே, பின்வரிசைச் சிரிப்பு தாங்காமல்தானே பள்ளிக்கூடமே வேண்டாமென்று நின்றாள், ஆனால் வாய்க்கு நேரே விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் 'டு'வின் மூச்சு விரலில் படுகிறதே, வெளியே வந்த எழுத்து எங்கே போகிறது?

கீழே வெள்ளைத்துரை அண்ணனின் பட்டறை, கோச்சடை முழுக்கக் கேட்கும்படி கம்பி அறுக்கிறார், கொஞ்சம் நிறுத்துங்கண்ணே என்று போய்க் கேட்க நா எழாமல் அவள்தான் குரல் பதியும் ஆப்பில் இரைச்சல் தடுப்பை முழுக்க ஏற்றி வைத்தாள்... ஏற்றி வைத்தாள்... அட, அதுவா? மெல்லிய சத்தம் எதுவானாலும் அது வெட்டும், சொல்லின் கடைசி 'உ'வைவிட மெல்லியது எது, அதையும் இரைச்சலென்று எண்ணி வெட்டியிருக்கிறது, அவள் முழுங்கவில்லை, அவள் முழுங்கவே இல்லை! தடுப்பை இறக்கினாள், கம்பி காதுக்குள்ளேயே அறுபட்டது, அறுபடட்டும், மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, வாயருகே இழுத்து வைத்து, அது சத்தம் வாங்கும் அளவைக் குறைத்தாள், பக்கத்தில் இருக்கிற குரல் விழும், தூரத்துப் பட்டறை தேயும், எப்படித் தோன்றியது இது, தோன்றியதே... மாடு. வீடு. வந்தது. ஒவ்வொன்றும் முழுசாக, யாருடைய குரல் இது, இவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதே, பாடத்தை முழுக்க வாசித்து அனுப்பிய கொஞ்ச நேரத்தில் "அருமை, அடுத்த பாடமும் நீயே வாசி" என்று மேடத்திடமிருந்து வந்துவிட்டது, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தாள், பட்டறைக்கே கேட்கட்டும், அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள், "யாருடி அது, டிவிய அமத்து." "டிவி இல்லம்மா, நாந்தான்." "போடி இவளே, ஒனக்கு ஏது இம்புட்டுக் குரலு?" அம்மா சிரிக்கிறாள், கேலியில்லை, நிஜமாகவே நம்பவில்லை, முத்துமீனாவுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது... பிறந்ததிலிருந்து ஒரே வீடு, அம்மா இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தது யாரை?